அனுப்பி வைப்பதற்காக வளர்த்தவர்

வளர்ப்பது கடினம். வளர்த்ததைப் பிரிவது அதைவிடக் கடினம். மகனை விடுதியில் சேர்த்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பும் தந்தைக்கும், மகளை மணமுடித்து அனுப்பிவிட்டு அவளது அறைக் கதவைச் சாத்தும் தாய்க்கும் இது தெரியும். நாம் சோறூட்டி வளர்த்த உயிர் நம்மோடேயே இருக்க வேண்டும் என்று மனம் விரும்புகிறது. அந்த விருப்பத்தில் அன்பு எவ்வளவு, உடைமை உணர்வு எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது நம் எல்லோருக்குமே எளிதல்ல.

இந்தக் கேள்வியை ஒரு சிங்கக் குட்டியின் வழியாகத் தம் வாழ்வில் எதிர்கொண்டவர் ஜாய் ஆடம்சன். தாயை இழந்த எல்சா என்ற சிங்கக் குட்டியைப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்து, பிறகு காட்டிற்கே திருப்பி அனுப்பியவர் என்று உலகம் அவரை அறியும். அவருடைய வாழ்வை முழுமையாகப் பார்த்தால், நாம் பாராட்ட வேண்டியதும் உண்டு, எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டியதும் உண்டு.

1910ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் நாள், அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் டிராப்பாவ் நகரில் அவர் பிறந்தார். இன்று அந்த ஊர் செக் குடியரசில் ஒபாவா என்ற பெயரில் உள்ளது. பெற்றோர் வைத்த பெயர் ஃபிரீடரிக் விக்டோரியா கெஸ்னர். அவருக்கு ஏறக்குறைய பத்து வயதானபோது பெற்றோர் மணமுறிவு பெற்றுப் பிரிந்தார்கள். சிறுமி பாட்டியின் பராமரிப்பில் வளர்ந்தார். பின்னாளில் வியன்னா நகரில் பியானோ கற்றார், சிற்பம் பயின்றார், மருத்துவம் படிக்கவும் முயன்றார். எதிலும் நிலைத்து நிற்கவில்லை. வீடு உடைந்துபோன குழந்தைக்கு எந்த இடமும் தன் இடமாகத் தோன்றுவதில்லை போலும்.

1935இல் விக்டர் வான் கிளார்வில் என்பவரை மணந்தார். கணவர் யூதர். நாஜிகளின் கை ஓங்கிவந்த காலம் அது. பாதுகாப்பாகக் குடியேற ஓர் இடம் பார்த்து வரும்படி 1937இல் மனைவியைக் கென்யாவுக்கு முன்னதாக அனுப்பி வைத்தார். கப்பல் பயணத்தில் பீட்டர் பேலி என்ற சுவிட்சர்லாந்துத் தாவரவியலாளரின் அறிமுகம் கிடைத்தது. முதல் மணம் முறிந்து, 1938இல் பேலியை அவர் மணந்தார். ஜாய் என்ற பெயரைச் சூட்டியவரும் பேலிதான். மகிழ்ச்சி என்பது அதன் பொருள். கணவர் சேகரித்த செடிகளையும் மலர்களையும் வரையத் தொடங்கிய ஜாய், தேர்ந்த ஓவியராக மலர்ந்தார். ஆனால் அந்த மணமும் நீடிக்கவில்லை.

1944இல் ஜார்ஜ் ஆடம்சனை மணந்தார். ஜார்ஜ் நம் நாட்டில், இன்றைய உத்தரப் பிரதேசத்தின் எட்டாவா நகரில் 1906ஆம் ஆண்டு பிறந்தவர். கென்யாவின் வறண்ட வடபகுதியில் வனவிலங்குக் காப்பாளராகப் பணியாற்றினார். அதிகம் பேசாதவர், கூடாரத்திலும் பாதையில்லாக் காட்டிலும் நிறைவு கண்டவர். ஜாயோ கனன்று எரியும் இயல்பினர். இருவருக்கும் குழந்தைகள் இல்லை. கென்யாவின் பல்வேறு இன மக்களை அவரவர் மரபு உடையிலும் அணிகலன்களிலும் வரையும் பெரும் பணியைக் குடியேற்ற அரசு ஜாயிடம் ஒப்படைத்தது. மறைந்துவரும் கோலங்களைத் தேடி ஊர் ஊராகச் சென்று நூற்றுக்கணக்கான ஓவியங்களை அவர் தீட்டினார். சிங்கங்களைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் இருந்திருந்தாலும், இந்த ஓவியங்களுக்காகவே கென்யா அவரை நினைவில் வைத்திருக்கும்.

1956ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் எல்லாவற்றையும் மாற்றியது. மனிதரைக் கொன்ற ஒரு சிங்கத்தைத் தேடி ஜார்ஜ் சென்றிருந்தார். பாறைகளுக்கிடையிலிருந்து ஒரு பெண் சிங்கம் பாய்ந்து வந்தது. தற்காப்புக்காகச் சுட வேண்டியதாயிற்று. அது விழுந்த பிறகுதான் அதன் மடி பால் கட்டியிருப்பதைக் கண்டார். தன் குட்டிகளைக் காக்கவே அந்தத் தாய் பாய்ந்தது என்பது அப்போதுதான் புரிந்தது. தேடிப் பார்த்தபோது பாறை இடுக்கில் மூன்று பெண் குட்டிகள் கிடந்தன. பிறந்து சில நாள்களே ஆகியிருந்தன. கண்களில் இன்னும் நீலப் படலம் மறையவில்லை. ஜார்ஜ் அவற்றைத் தூக்கிக்கொண்டு ஜாயிடம் வந்தார்.

குட்டிகள் இரண்டு நாள்கள் பாலைத் தொடவே இல்லை. காட்டுப் பகுதியில் புட்டி ஏது, காம்பு ஏது? ஒரு குழந்தைப் புட்டியை எங்கிருந்தோ தேடிப் பிடித்து, கையில் கிடைத்த ரப்பர் குழாயைக் காம்பாக்கினார்கள். சர்க்கரை சேர்க்காத பாலைத் தண்ணீர் கலந்து கொடுத்தார்கள். குட்டிகள் குடிக்கத் தொடங்கியதும் மீன் எண்ணெயும் குளுக்கோசும் வரவழைத்துச் சேர்த்தார்கள். கைக்குழந்தை உள்ள வீட்டைப் போல அந்த வீடு இரவும் பகலும் விழித்திருந்தது. நூரு என்ற பணியாளர் குட்டிகளுக்குக் காவலராக இருந்தார். உலகப் புகழ் பெற்ற இந்தக் கதையில் நூருவின் பொறுமைக்கும் பெரும் பங்கு உண்டு. புகழ் ஒருவருக்குச் சேரும்போது அருகில் நின்று உழைத்தவரை மறந்துவிடுவது நம் வழக்கமாகிவிட்டது.

மூன்று குட்டிகளில் மிகச் சிறியது எல்சா. அதற்கு ஜாயின் கட்டைவிரலைச் சூப்பும் பழக்கம் இருந்தது. பெரிய சிங்கமாக வளர்ந்த பிறகும் கலக்கம் வந்தால் அந்த விரலைத் தேடி வந்தது. மூன்று சிங்கங்களை வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது என்பதால், ஆறு மாதத்துக்குள் மற்ற இரண்டும் ஹாலந்து நாட்டின் ராட்டர்டாம் உயிரியல் பூங்காவுக்கு விமானத்தில் அனுப்பப்பட்டன. எல்சா மட்டும் தங்கியது. காரின் கூரைமேல் படுத்துப் பயணம் செய்தது, ஜாயோடு கடலில் இறங்கி விளையாடியது, அவருடைய கட்டிலிலேயே உறங்கியது.

ஆனால் இரண்டு வயதை நெருங்கியபோது எல்சா காட்டின் குரல்களுக்குச் செவிசாய்க்கத் தொடங்கியது. இரவில் காணாமல் போகும், சில நாள் கழித்துத் திரும்பும். முழு வளர்ச்சி அடைந்த சிங்கத்தை வீட்டில் வைத்திருப்பதும் இயலாத காரியம். ஜாய்க்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, சகோதரிகளைப் போல எல்சாவையும் உயிரியல் பூங்காவுக்கு அனுப்புவது. வேளாவேளைக்கு உணவு கிடைக்கும், ஆபத்து இல்லை, நினைத்தால் போய்ப் பார்க்கலாம். மற்றொன்று, காட்டிலேயே விடுவது. பசி, நோய், மற்றச் சிங்கங்களின் தாக்குதல், வேட்டைக்காரரின் துப்பாக்கி எல்லாம் அங்கே காத்திருந்தன. மனிதரின் கையில் வளர்ந்த சிங்கத்தால் காட்டில் பிழைக்க முடியாது என்பதே அன்று பரவலாக நிலவிய கருத்து. ஆபத்து நிறைந்த இரண்டாவது வழியையே ஜாயும் ஜார்ஜும் தேர்ந்தெடுத்தார்கள்.

விடுவது என்றால் கூண்டுக் கதவைத் திறந்துவிடுவது அல்ல. அதற்குப் பல மாத உழைப்பு தேவைப்பட்டது. துரத்தும் உணர்வு சிங்கக் குட்டிக்குப் பிறவியிலேயே உண்டு. ஆனால் இரையை வீழ்த்துவதையும் கொல்வதையும் அது தாயிடமும் கூட்டத்திடமும் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் இருந்து கற்றுக்கொள்கிறது. எல்சாவுக்குக் கற்றுத்தர யாரும் இல்லை. ஆகவே ஜார்ஜ் விலங்குகளைச் சுட்டு அதன்முன் போட்டார். முதலில் பழக்கினார்கள், பிறகு சில நாள்கள் தனியே விட்டுவிட்டுத் தள்ளிப் போனார்கள். திரும்பி வந்து பார்க்கும்போதெல்லாம் அது பட்டினியாகக் கிடந்தது. முதலில் தேர்ந்தெடுத்த இடத்தின் சூழல் ஒத்துக்கொள்ளாமல் எல்சா கடுமையாக நோயுற்றது. முயற்சியைக் கைவிடாமல், அது பிறந்த நிலத்துக்கு அருகிலுள்ள மேரு பகுதியில், ஊரா ஆற்றங்கரைக்கு அதைக் கொண்டுசென்றார்கள். அங்கேதான் எல்சா தானே வேட்டையாடிப் பிழைக்கக் கற்றுக்கொண்டது.

அந்த ஆற்றங்கரையின் இரவுகள்தான் ஜாய்க்குப் பெரிய பள்ளிக்கூடம். சிங்கத்தின் வாழ்க்கை பெரும்பாலும் இருட்டில் நடக்கிறது. பகலில் மரநிழலில் கிடக்கும் உயிர், பொழுது சாய்ந்தபின்தான் எழுந்து நடமாடுகிறது. முள்வேலி போட்ட கூடாரத்தில் விளக்கு வெளிச்சத்தில் அமர்ந்து, எல்சா வருமா வராதா என்று ஜாய் காத்திருந்தார். சில இரவுகளில் அது வந்து, அவர் மடியில் தலை வைத்துப் படுத்தது. சில இரவுகளில் ஆற்றுக்கு அப்பாலிருந்து ஓர் ஆண் சிங்கத்தின் கர்ஜனை கேட்கும். எல்சா தலையை உயர்த்தும். வளர்த்தவரையும் இருளையும் மாறி மாறிப் பார்க்கும். பிறகு எழுந்து இருளுக்குள் போய்விடும். ஜாய் அதைத் தடுக்கவில்லை. அந்த இரவுகளுக்காகத்தான் அதனை வளர்த்தார் அல்லவா?

1959ஆம் ஆண்டு டிசம்பரில் எல்சா மூன்று குட்டிகளை ஈன்றது. ஏறக்குறைய ஆறு வாரங்கள் அவற்றை மறைத்து வைத்திருந்துவிட்டு, பின்னர் தானே ஆற்றைக் கடந்து கூடாரத்துக்கு அழைத்து வந்தது. எந்தப் பாட்டிக்கும் பேரப்பிள்ளைகளை அள்ளி அணைக்கத்தான் கை நீளும். ஆனால் அந்தக் குட்டிகளைத் தொட்டுப் பழக்குவதில்லை, அவை காட்டு விலங்குகளாகவே வளரட்டும் என்று ஜாயும் ஜார்ஜும் முடிவு செய்தார்கள். ஜெஸ்பா, கோபா, சின்ன எல்சா என்று பெயர் வைத்தார்கள். தள்ளி நின்று பார்த்தார்கள். ஜாயின் வாழ்வில் மிக உயர்ந்த தருணம் இதுதான் என்று நமக்குத் தோன்றுகிறது. எல்சாவை அவர் அணைத்து வளர்த்தார், எல்சாவின் குட்டிகளை அணைக்காமல் நேசித்தார்.

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 1961ஆம் ஆண்டு ஜனவரி 24ஆம் நாள், ஐந்து வயது நிறைவடையும் தறுவாயில், எல்சா இறந்தது. உண்ணிகள் மூலம் பரவும் ஒருவகை இரத்த ஒட்டுண்ணி நோய்தான் காரணம். ஜார்ஜ் அருகில் இருந்தார். நைரோபிக்குச் சென்றிருந்த ஜாய் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. காட்டிலேயே கல்லறை அமைத்து அடக்கம் செய்தார்கள். தாயை இழந்த குட்டிகள், வேட்டை முழுமையாகப் பழகாததால், பக்கத்துக் குடியிருப்புகளின் ஆடுகளை அடிக்கத் தொடங்கின. ஜெஸ்பாவின் உடலில் அம்பு ஒன்றும் தைத்தது. மக்களின் கோபம் நியாயமானது, ஆடு அவர்களுடைய வாழ்வாதாரம். எனவே குட்டிகளைப் பிடித்து அன்றைய டாங்கனிகாவின் செரெங்கெட்டி சரணாலயத்துக்குக் கொண்டுபோய் விட்டார்கள். பிறகு மாதக்கணக்கில் ஜாய் அவற்றைத் தேடி அலைந்தார். அனுப்பி வைத்த பிள்ளைகளைத் திரும்பவும் பார்க்கும் வாய்ப்பு எல்லாப் பெற்றோருக்கும் கிடைப்பதில்லை.

எல்சாவின் கதையை ஜாய் 1960இல் ‘பார்ன் ஃப்ரீ’ என்ற நூலாக வெளியிட்டார். சுதந்திரமாய்ப் பிறந்தது என்பது அதன் பொருள். அது பல மொழிகளில் பெயர்க்கப்பட்டு உலகெங்கும் பரவியது. 1966இல் திரைப்படமாக வந்து, இசைக்காகவும் பாடலுக்காகவும் இரண்டு ஆஸ்கர் விருதுகளைப் பெற்றது. சிங்கம் என்றால் சுட்டு வீழ்த்தித் தோலை வரவேற்பறையில் விரிக்கும் பொருள் என்று எண்ணி வந்த தலைமுறைக்கு, அதற்கும் தனிக் குணமும் தாய்மையும் துயரமும் உண்டு என்று அந்தக் கதை காட்டியது. நூல்களிலிருந்து வந்த பணத்தின் பெரும்பகுதியை ஜாய் வனவிலங்குப் பாதுகாப்புக்குக் கொடுத்தார். எல்சா வாழ்ந்த மேரு பகுதி 1966இல் தேசியப் பூங்காவாயிற்று. திரைப்படத்தில் நடித்த வர்ஜீனியா மெக்கென்னாவும் அவருடைய கணவர் பில் டிராவர்சும் 1984இல் ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். அதுவே பின்னர் ‘பார்ன் ஃப்ரீ’ என்ற பெயரைப் பெற்று, கூண்டில் அடைபட்ட விலங்குகளுக்காக இன்றும் உழைக்கிறது.

இந்த வழிக்கு இருந்த ஆபத்தையும் நாம் சொல்லியாக வேண்டும். மனிதரிடம் பயம் விட்டுப்போன சிங்கம், மனிதருக்குக் காட்டுச் சிங்கத்தைவிட ஆபத்தானது. அந்தத் திரைப்படத்தில் நடித்த பாய் என்ற சிங்கத்தை ஜார்ஜ் காட்டு வாழ்வுக்குப் பழக்கி வந்தார். அது 1971இல் ஜார்ஜின் பணியாளர் ஒருவரைக் கொன்றது. தான் வளர்த்த சிங்கத்தை ஜார்ஜே சுட வேண்டியதாயிற்று. இன்றைய வனவிலங்கு அறிஞர்கள், அநாதைக் குட்டிகளை வளர்க்கும்போது மனிதத் தொடர்பை இயன்றவரை குறைக்கிறார்கள். கொஞ்சுவதில்லை, வீட்டுக்குள் உலவ விடுவதில்லை. எல்சாவைத் தொட்டதிலிருந்தல்ல, அதன் குட்டிகளைத் தொடாமலிருந்ததிலிருந்தே இன்றைய முறை பாடம் கற்றது எனலாம்.

ஜாய் பிறகு பிப்பா என்ற சிவிங்கிப்புலியை வளர்த்து மேருவில் விட்டார். அது காட்டில் நான்கு முறை குட்டிகள் ஈன்றது. 1969ஆம் ஆண்டு அவருக்குத் துயரமான ஆண்டு. பிப்பா இறந்தது. கார் விபத்தில் அவருடைய வலக்கை கடுமையாகச் சிதைந்தது. தூரிகை பிடித்த கை அது, பியானோ வாசித்த கை அது, புட்டிப்பால் கொடுத்த கையும் அதுதான். அதற்குப்பின் ஜார்ஜ் தம் சிங்கங்களோடு கோரா என்ற இடத்துக்குச் சென்றார். ஜாய் நைவாஷா ஏரிக்கரையில், எல்சாமியர் என்று தாம் பெயரிட்ட வீட்டில் வாழ்ந்தார். கணவனும் மனைவியும் பெரும்பாலும் பிரிந்தே இருந்தார்கள்.

அந்த ஏரிக்கரை வீட்டின் தோட்டம் அவருக்கு ஆறுதலாயிற்று. பகலில் கறுப்பு வெள்ளைக் கொலபஸ் குரங்குகள் மரங்களில் தாவின. பொழுது சாய்ந்தால் பெரிய வகை ஆந்தைகள் இரண்டு வந்து அமர்ந்தன. இருட்டியபின் ஏரியிலிருந்து நீர்யானைகள் கரையேறிப் புல் மேய வருவது அந்த ஏரிக்கரையின் வழக்கம், இன்றும் அது நடக்கிறது. ஊனமுற்ற கையோடு ஜாய் அமர்ந்து, அந்த ஆந்தைகளையும் குரங்குகளையும் கவனித்து எழுதிவந்தார். அது அவருடைய மறைவுக்குப் பின் நூலாக வந்தது. எந்த உயிரையும் வளர்க்காமல், அதனதன் வேளையில் வருவதைக் காத்திருந்து பார்ப்பதும் ஒருவகை நேசம்தான்.

இறுதியாக, பென்னி என்ற சிறுத்தைக் குட்டியை வளர்த்து ஷாபா சரணாலயத்தில் விட்டு, அது குட்டிகள் ஈன்றதையும் கண்டார். அங்கேதான் 1980ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் நாள், மாலை நடைக்குச் சென்ற ஜாய் இறந்து கிடந்தார். அவருக்கு வயது 69. சிங்கம் கொன்றுவிட்டது என்றுதான் முதலில் செய்தி பரவியது. காயங்களை ஆராய்ந்தபோது, கூரிய ஆயுதத்தால் மனிதர் செய்த கொலை என்று தெரியவந்தது. அவரிடம் முன்பு வேலை பார்த்து நீக்கப்பட்ட ஓர் இளைஞர் குற்றவாளி என்று 1981இல் தீர்ப்பாயிற்று.

சிங்கத்தின் மடியில் உறங்கியவர் மனிதரின் கையால் இறந்தார். இந்தக் கொலைக்கு நியாயம் கற்பிக்க முடியாது. ஆனால் அவரை அறிந்து எழுதியவர்கள் பலரும் சொல்லும் ஓர் உண்மையை மறைப்பதும் சரியல்ல. ஜாய் தம்மிடம் வேலை செய்தவர்களிடம் மிகக் கடுமையாக நடந்துகொண்டார். பணியாளர்கள் அடிக்கடி மாறினார்கள், நட்புகள் முறிந்தன. எல்சா முரண்டு பிடித்தபோது மாதக்கணக்கில் காத்திருந்த பொறுமை, மனிதர் தவறியபோது ஒரு நாளும் காத்திருக்கவில்லை. சொல் பேசாத உயிர்களிடம் இளகும் உள்ளம், எதிர்த்துப் பேசும் மனிதரிடம் இறுகிவிடுவதை நாமும் கண்டிருக்கிறோம். விலங்கை நேசிப்பது குறையல்ல. அங்கே கற்ற பொறுமையை வீட்டுக்கும் பணியிடத்துக்கும் கொண்டுவராததுதான் குறை.

அவருடைய சாம்பலை எல்சா, பிப்பா ஆகியவற்றின் கல்லறைகளில் தூவினார்கள். ஜார்ஜ் ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1989ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் நாள், கோராவில் கொள்ளையரிடம் சிக்கிய ஒருவரைக் காப்பாற்ற விரைந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். எல்சாமியர் இல்லம் இன்று அருங்காட்சியகமாகவும் இயற்கைக் கல்வி மையமாகவும் உள்ளது.

நமக்குச் சிங்கக் குட்டிகள் கிடைக்கப் போவதில்லை. கூட்டிலிருந்து விழுந்த பறவைக் குஞ்சு ஒன்றோ, கூரையிலிருந்து தவறிய அணில் பிள்ளையோ கிடைக்கலாம். உடனே அள்ளிக்கொண்டு போகாமல், கொஞ்சம் தள்ளி நின்று கவனிப்போம். பல வேளைகளில் தாய் அருகிலேயே, நாம் விலகிப் போவதற்காகக் காத்திருக்கும். உண்மையிலேயே ஆதரவற்றதாக இருந்தால், வனத்துறையிடமோ விலங்கு மருத்துவரிடமோ ஒப்படைப்போம். அதனை நம் குழந்தைகளின் விளையாட்டுப் பொருளாக்காமல், அது தன் இனத்தோடு சேர வழி செய்வோம்.

நம் வீடுகளிலும் வளர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கென்று ஒரு வாழ்வு உண்டு, அவர்களை அழைக்கும் குரல்கள் உண்டு. கூண்டு பாதுகாப்பானது என்பதற்காகக் கதவைப் பூட்டி வைக்கிறோமா? அல்லது வேண்டியதையெல்லாம் கற்றுக்கொடுத்து, வழியனுப்பி, திரும்பி வந்தால் வரவேற்க விளக்கேற்றி வைத்திருக்கிறோமா? நம் உடன் உழைப்போரிடமும் பணியாளரிடமும் அதே பொறுமையைக் காட்டுகிறோமா? ஜாய் ஆடம்சனின் வாழ்வு முதல் பாடத்தைச் சாதித்துக் காட்டியும், இரண்டாவது பாடத்தைத் தவறவிட்டும் நமக்குக் கற்றுத்தருகிறது. இரண்டையும் சேர்த்துக் கற்றுக்கொள்வோம்.